விடைக்குறிப்பைத் திறக்காத எட்டு மாதங்கள்

தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் 2022 ஜூலை 24 அன்று நடத்திய குரூப் 4 தேர்வின் முடிவு 2023 மார்ச் 24 அன்று வந்தது. இடைப்பட்ட எட்டு மாதங்களும் பாம்பனில் எங்கள் வீட்டில் இருந்துகொண்டு, கேட்டவர்களிடமெல்லாம் 'நன்றாகத்தான் எழுதியிருக்கிறேன்' என்று சொல்லிக்கொண்டிருந்தேன். தேர்வு முடிந்த சில நாள்களிலேயே தேர்வாணையம் தற்காலிக விடைக்குறிப்பை வெளியிட்டுவிட்டது. நான் குறித்த விடைகளைத் தேர்வு நாள் மாலையிலேயே நினைவிலிருந்து ஒரு நோட்டில் எழுதி, ஐயமாக இருந்தவற்றுக்கு அருகில் கேள்விக்குறியும் இட்டு வைத்திருந்தேன். ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தால் என் நிலை அன்றே தெரிந்திருக்கும். தெரிந்துகொள்ள எனக்கு விருப்பமில்லை என்பதே உண்மை.

அந்தத் தேர்வுக்கு முதலில் 7301 பணியிடங்கள் அறிவிக்கப்பட்டன. ஏறத்தாழ 22 லட்சம் பேர் விண்ணப்பித்தார்கள். அதற்காக மதுரையில் ஒரு பயிற்சி மையத்தில் சேர்ந்து, விடுதியில் தங்கி, ஓராண்டுக்கும் மேலாகப் படித்தேன். கட்டணத்துக்காக அம்மாவின் சங்கிலியும் இரண்டு வளையல்களும் அடகுக்குப் போயின. அம்மா மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சுற்றிப் பாசி எடுக்கப் போகிறவர். பாறையில் கை கிழியாமலிருக்க விரல் ஒவ்வொன்றிலும் துணிக் கிழிசலைச் சுற்றிக்கொண்டு, மூச்சடக்கி மூழ்கி, மரிக்கொழுந்துப் பாசியைப் பறித்து இடுப்பில் கட்டிய வலைப்பைக்குள் திணிப்பார். அப்படிச் சேர்ந்த நகை அது. மீட்க முடியாமல் ஏலத்துக்குப் போயிற்று. தோல்வியில் கிடைத்த நன்மைகளைப் பற்றி எழுதப் புகுந்திருப்பதால் இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்: அந்த நகை போனதற்கு நான் இன்றுவரை எந்த நல்ல அர்த்தத்தையும் கண்டுபிடிக்கவில்லை, கண்டுபிடிக்க முயலவும் இல்லை.

எங்கள் பகுதியில் யாராவது தேர்வில் தோற்றால் ஆறுதல் சொல்ல வருகிறவர்கள் தவறாமல் கலாம் ஐயாவின் கதையைச் சொல்வார்கள். டேராடூனில் விமானப்படைத் தேர்வுக்குப் போன 25 பேரில் அவர் ஒன்பதாவதாக வந்தார். எடுத்துக்கொண்டதோ எட்டுப் பேரை மட்டும். அந்தக் கதவு மூடியதால்தான் ராக்கெட் கதவு திறந்தது என்று முடிப்பார்கள். எனக்கும் பலமுறை சொன்னார்கள், ஒவ்வொரு முறையும் எரிச்சல்தான் வந்தது. பிறகு பொறுமையாகப் படித்துப் பார்த்தபோதுதான், சொல்கிறவர்கள் விட்டுவிடும் ஒரு செய்தி கண்ணில் பட்டது. டேராடூனுக்குப் போவதற்கு முன்பே அவர் டெல்லியில் பாதுகாப்புத் துறையின் தொழில்நுட்பப் பிரிவு ஒன்றின் நேர்முகத் தேர்வை முடித்திருந்தார். மனம் ஒடிந்து ரிஷிகேஷ் போய்த் திரும்பியபோது கிடைத்த வேலை, அவர் ஏற்கெனவே போய்த் தட்டியிருந்த கதவிலிருந்து வந்தது. நானோ ஒரே ஒரு தேர்வுக்கு மட்டும் விண்ணப்பித்துவிட்டு, அதே கல்வித் தகுதிக்கு வந்த மற்ற அறிவிப்புகளைத் திறந்துகூடப் பார்க்காமல் இருந்தவள். படிக்கிறவர்களுக்கு என் முதல் வேண்டுகோள் இதுதான்: பாடத்திட்டம் ஓரளவு ஒத்துப்போகும் இன்னொரு தேர்வுக்கும் கட்டாயம் விண்ணப்பித்து வையுங்கள்.

முடிவு வந்த மூன்று வாரத்தில் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கியது. கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடை. விசைப்படகில் பங்குக்குப் போகும் அப்பா அந்த நாள்களில் கரையேற்றிய படகில் மராமத்து வேலை பார்ப்பார். ஒருநாள் சாப்பாடு கொண்டுபோனபோது, படகின் அடிப்பக்கத்தில் ஒட்டிக்கிடந்த சிப்பியையும் பாசியையும் சுரண்டிக்கொண்டிருந்தார். ஓரிடத்தில் நிறுத்தி, பலகை இடுக்கை விரலால் அழுத்திக் காட்டி, "ஆறு மாசமா தண்ணி ஏறிட்டே இருந்துச்சு, இறைச்சு இறைச்சு ஊத்தினோம். எங்கன்னு கடல்ல கிடக்கும்போது தெரியாது. இப்பத்தான் தெரியுது, இந்தப் பலகை" என்றார். அவர் படகைப் பற்றித்தான் பேசினார். என் தேர்வைப் பற்றி அவர் எதுவுமே கேட்டதில்லை. அன்று மாலை அந்த நோட்டை எடுத்து, விடைக்குறிப்போடு ஒப்பிட உட்கார்ந்தேன்.

குரூப் 4 தேர்வில் 200 கேள்விகள், 300 மதிப்பெண்கள்; தமிழில் 100 கேள்விகள், பொது அறிவில் 75, திறனறிவில் 25. தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பு கிடையாது. தமிழ்ப் பகுதியில் 40 விழுக்காடு எடுத்தால்தான் மற்ற பகுதியைத் திருத்தவே எடுத்துக்கொள்வார்கள். என் கணக்கில் 151 சரி, 49 தவறு. வழக்கமாக இந்த இடத்தில் 'இன்னும் நிறையப் படிக்க வேண்டும்' என்று சொல்லி நோட்டை மூடிவிடுவோம். நான் மூடாமல், ஒவ்வொரு தவறுக்கும் எதிரே அது எப்படி நேர்ந்தது என்று எழுதிப் பார்த்தேன். பாடமே தெரியாமல் விட்டவை 19. தெரிந்திருந்தும் கேள்வியைச் சரியாக வாசிக்காததால் போனவை 18. முதலில் சரியாக எண்ணிவிட்டு, பிறகு குழம்பி வேறு வட்டத்தைக் கருமையாக்கியவை 12. ஆக, 49 தவறுகளில் 30 தவறுகளுக்கு என் படிப்பின் அளவு காரணமே இல்லை. கேள்விக்கு ஒன்றரை வீதம் 45 மதிப்பெண்கள். மதுரையில் இன்னும் ஓராண்டு இருந்து இன்னும் பத்துப் புத்தகங்களைப் படித்திருந்தாலும் அந்த 30 கேள்விகளை மறுபடியும் அதே வழியில்தான் இழந்திருப்பேன்.

கூடுதலாக உறுத்தியது தமிழ்ப் பகுதி. தாய்மொழிதானே என்று அதற்கு நேரமே ஒதுக்கவில்லை. மையத்திலும் அதைக் கடைசி இரண்டு வாரங்களுக்குத் தள்ளியிருந்தார்கள். எனக்கும் அது நியாயமாகவே பட்டது. வேர்ச்சொல் கேள்விகளைப் பாருங்கள். 'கண்டான்' என்பதற்குக் 'காண்', 'வந்தான்' என்பதற்கு 'வா' என்று எல்லோரும் சொல்லிவிடுவோம். 'நொந்தான்' என்று வந்தால்? என் நோட்டில் அதற்கு 'நொந்து' என்று எழுதி வைத்திருந்தேன். 'நோ' என்ற ஓரெழுத்துதான் அதன் வேர். ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரையிலான தமிழ்ப் பாடநூல்களை அட்டை முதல் அட்டை வரை, பாடத்தின் பின்னாலுள்ள பயிற்சிகளோடு சேர்த்துப் படித்தவர்களுக்கு இது ஒரு பொருட்டே அல்ல.

அந்தப் பாடநூல்கள் என் கைக்கு வந்த வழி நான் திட்டமிட்டது அல்ல. மறுபடி பயிற்சி மையத்துக்குப் போகப் பணம் இல்லாததால், கைச்செலவுக்காகத் தெருப் பிள்ளைகளுக்கு மாலையில் பாடம் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினேன். ஊர்ப் புயல் பாதுகாப்புக் கட்டடத்தின் திண்ணையில் ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை படிக்கும் பதினொரு பிள்ளைகள். பட்டம் வாங்கிய பெண் மாதம் சில நூறு ரூபாய்க்குத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறாளே என்று சிலர் பேசியது என் காதுக்கும் வந்தது. அப்போது எனக்கும் அது இறக்கமாகத்தான் தெரிந்தது. ஆனால் தனக்குள் வாசிப்பதும் பிறருக்கு விளக்குவதும் ஒன்றல்ல என்பதை அந்தத் திண்ணையில்தான் அறிந்தேன். நமக்குப் புரிந்துவிட்டதாக நினைத்துத் தாண்டிப்போகும் ஒவ்வொரு வரியிலும் ஒரு பிள்ளை நிறுத்தும்.

கூற்று–காரணம் வகைக் கேள்விகளில் நான் தொடர்ந்து வழுக்கிக்கொண்டிருந்தேன். கூற்றும் சரி, காரணமும் சரி, ஆனால் காரணம் கூற்றை விளக்கவில்லை என்ற விடையை எப்போது தேர்ந்தெடுப்பது என்பது எனக்குப் பிடிபடவே இல்லை. அதைப் பிள்ளைகளிடம் எப்படிச் சொல்வதென்று தடுமாறியபோது, எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் சொன்னான்: "நேத்து எங்க அண்ணன் கடலுக்குப் போகலக்கா. நேத்து கச்சான் காத்து பலமா அடிச்சுச்சு. ரெண்டும் நெசம்தான். ஆனா நேத்து செவ்வாய்க்கிழமை. காத்தே இல்லன்னாலும் விசைப்படகு போயிருக்காது." எங்கள் பக்கம் விசைப்படகுகளுக்குத் திங்கள், புதன், சனி என்று முறை உண்டு, மற்ற நாள்கள் நாட்டுப்படகுகளுக்கு. காரணத்தை நீக்கிப் பார், அப்போதும் கூற்று நிற்கிறதா என்று பார் என்பதைத்தான் அவன் சொன்னான். அதற்குப் பிறகு அந்த வகைக் கேள்விகளில் நான் தவறியது மிக அரிது. இன்னொரு சிறுமிக்கு 'அல்லாத', 'பொருந்தாத', 'தவறான' என்ற சொற்களைக் கண்டால் விரலை அதன்மேல் வைத்துக்கொண்டே மீதியை வாசிக்கும் பழக்கம் இருந்தது. அதையும் அப்படியே எடுத்துக்கொண்டேன். வாசிக்காமல் போன அந்த 18 கேள்விகளில் பெரும்பகுதி இந்த ஒரு விரலுக்குள் அடங்கிவிடும்.

வரலாறும் அப்படித்தான் வந்து சேர்ந்தது. வைகை கடலில் கலக்கும் இடத்துக்கு அருகிலுள்ள பழந்துறைமுகம் எது என்று ஒரு மாதிரித் தேர்வில் கேட்டிருந்ததற்குக் கொற்கை என்று எழுதியவள் நான். கொற்கை தாமிரபரணிக்கு உரியது. விடை அழகன்குளம், எங்கள் ஊரிலிருந்து ராமநாதபுரம் போகும் வழியில் இறங்கிப் போய்விடக்கூடிய ஊர். அங்கே அகழாய்வில் கிடைத்த, கப்பல் உருவம் கீறிய பானை ஓட்டைப் பற்றிப் பிள்ளைகளிடம் சொன்னபோது, "அது நம்ம கப்பலா, அவங்க கப்பலாக்கா?" என்று ஒரு குரல் வந்தது. பதில் தெரியாததால் ரோமானிய வணிகம், அரிக்கமேடு, ரௌலட்டட் எனப்படும், உட்புறம் வட்டவட்டமாகப் புள்ளிக்கோலமிட்ட பானை ஓடுகள் என்று இரண்டு வாரம் தேடிப் படித்தேன். விவேகானந்தர் சிகாகோ பயணத்துக்குப் பின் பாம்பன் கரையில் இறங்கியது 1897 ஜனவரி 26 என்பதைப் பிள்ளைகள் ஒரே நாளில் மனத்தில் வாங்கிக்கொண்டார்கள். அவர்கள் விளையாடப் போகும் குந்துகால்தான் அந்த இடம், தேதியோ குடியரசு நாள். படிக்கும் செய்தியைத் தனக்குத் தெரிந்த ஓர் இடத்தோடு கட்டிவைத்தால் அது அவிழ்வதில்லை.

கணிதத்தைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. நாள்தோறும் பத்துக் கணக்கு, நேரம் குறித்துக்கொண்டு; அவ்வளவே.

அடுத்த குரூப் 4 தேர்வு 2024 ஜூன் 9 அன்று, மறுபடியும் தடைக்காலத்துக்குள் வந்தது. வீட்டில் வருமானம் இல்லை. ஆனால் அதிகாலை இரண்டு மணிக்கு ஐஸ் பெட்டியும் சாப்பாட்டு வாளியுமாக எழும் பரபரப்பும் இல்லை. அப்பா வாசலில் வலையின் பொத்தலை அடைத்துக்கொண்டிருப்பார், நான் பக்கத்தில் உட்கார்ந்து பழைய வினாத்தாள்களை எழுதிக்கொண்டிருப்பேன். ஒவ்வொரு மாதிரித் தேர்வுக்குப் பிறகும் அதே மூன்று கணக்குகள்: தெரியாதது, வாசிக்காதது, மாற்றியது. கடைசி மாதத்தில் மாற்றியது இரண்டு மூன்றுக்கு மேல் போகவில்லை. உறுதியான புதுக் காரணம் கண்ணில் படாதவரை முதல் விடையைத் தொடுவதில்லை என்று கட்டுப்பாடு வைத்துக்கொண்டேன். தேர்வு எழுதிய அன்று மாலையே விடைகளை நோட்டில் எழுதினேன். விடைக்குறிப்பு வந்த அன்றே ஒப்பிட்டேன். முடிவு அக்டோபர் 28 அன்று வந்தபோது, எனக்கு வேலை கிடைக்கும் என்பதைவிட, என் கணக்கு சரியாக இருக்கிறதா என்பதைப் பார்க்கத்தான் ஆவலாக இருந்தது. இரண்டு கேள்விகள் மட்டுமே வேறுபட்டன.

ஊரில் இதைத் 'தோற்றதும் நல்லதுக்குத்தான்' என்கிறார்கள். எனக்கு அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. முதல் முறையே வென்றிருந்தால் நகையும் இருந்திருக்கும், வேலையும் கிடைத்திருக்கும். அந்தப் பதினொரு பிள்ளைகளை மட்டும் தெருவில் பார்த்தும் பாராமல் கடந்து போயிருப்பேன். தோற்ற மாதத்தில் யாராவது வந்து இதில் ஒரு நன்மை ஒளிந்திருக்கிறது என்று சொன்னால் நம்ப வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை. அந்த மாதத்தில் செய்ய வேண்டியது விடைக்குறிப்பைத் திறப்பது ஒன்றுதான்.

இப்போது மாவட்டத்தில் ஓர் அரசு அலுவலகத்தில் இளநிலை உதவியாளராக இருக்கிறேன். திண்ணை வகுப்பு சனி, ஞாயிறு மட்டும் நடக்கிறது. விரல் வைத்து வாசிக்கும் அந்தச் சிறுமி இப்போது மேல்வகுப்புக்குப் போய்விட்டாள். சென்ற மாதம் தேர்வுத்தாளைத் தாவணி மடிப்புக்குள் மறைத்துக்கொண்டு வந்து நின்றாள். கணிதத்தில் 31. நான் எதுவும் கேட்கவில்லை. பென்சிலை அவள் கையில் கொடுத்துவிட்டு, தாளை விரித்து, மூன்று கட்டங்கள் போடச் சொன்னேன்.