தாராசுரம்: குனிந்து பார்க்க வேண்டிய கோயில்

கும்பகோணம் வருகிறவர்கள் நவக்கிரகக் கோயில்களைப் பிடிக்கும் அவசரத்தில் தாராசுரத்துக்கு அரை மணி நேரம்தான் ஒதுக்குகிறார்கள். விமானத்தை அண்ணாந்து பார்த்து, தேர் மண்டபத்தின் முன்னால் நின்று ஒரு படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். இந்தக் கோயிலின் நுட்பமெல்லாம் கீழே, அடித்தளத்தில் இருக்கிறது. குறைந்தது இரண்டரை மணி நேரம் வேண்டும்.

கும்பகோணத்திலிருந்து மேற்கே சுமார் நாலு கிலோமீட்டர். ஆட்டோவிலோ, தஞ்சாவூர் சாலையில் போகும் டவுன் பஸ்ஸிலோ வந்துவிடலாம். எக்ஸ்பிரஸ் ரயிலில் வருகிறவர்கள் கும்பகோணத்திலேயே இறங்குவது வசதி. உச்சிவேளையில் நடை சாத்தினால் மாலை நாலு மணி வாக்கில்தான் திறப்பார்கள். பதினொன்றரைக்கு வந்தால் தரிசனம் கிடைக்கலாம், சிற்பம் பார்க்க முடியாது. வெயிலில் கருங்கல் தளம் உள்ளங்காலைச் சுட்டுவிடும். காலுறை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் பலத்த மழை பெய்தால் பிராகாரத்தில் நீர் தேங்குவதுண்டு. கோயில் தரையைவிட வெளித்தரை மேடாகிவிட்டது, அதனால்தான்.

இரண்டாம் ராஜராஜன் (1146–1173) எடுப்பித்த கோயில் இது. ராஜராஜபுரம் என்ற ஊர்ப்பெயர் ராராசுரமாகி, பிறகு தாராசுரமானது. துர்வாசர் சாபத்தால் நிறம் மாறிய ஐராவதம் இங்கே வழிபட்டு வெண்மையைத் திரும்பப் பெற்றதால் சுவாமிக்கு ஐராவதேசுவரர் என்று பெயர். 2004-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது.

முதலில் உள்ளே போய் சுவாமியை வணங்கிவிடுங்கள். பிறகு வெளியே வந்து, கருவறையின் வெளிச்சுவரை அடித்தளத்தோடு ஒட்டிச் சுற்றுங்கள். நாயன்மார் கதைகள் சின்னச் சின்னச் சிற்பங்களாக வரிசையாக ஓடுகின்றன. சேக்கிழார் பெரியபுராணம் பாடியது இந்த ராஜராஜனின் தந்தை இரண்டாம் குலோத்துங்கன் காலத்தில் என்பார்கள். ஏட்டில் எழுதிய ஈரம் காய்வதற்குள் கல்லுக்கு வந்துவிட்டது என்றே சொல்லலாம். பல சிற்பங்களுக்கு மேலே அந்தக் காலத் தமிழ் எழுத்தில் பெயரும் வெட்டியிருக்கிறார்கள். அவிநாசியில் முதலை விழுங்கிய பிள்ளையைச் சுந்தரர் பதிகம் பாடி மீட்ட கதையைத் தேடிப் பாருங்கள்: முதலையின் வாயிலிருந்து பிள்ளை வெளியே வருகிறான். இவ்வளவு சிறிய கல்லில் அந்தக் கணத்தைப் பிடித்திருக்கிறார்கள்.

இங்கே பலரும் செய்யும் தவறு, கேமராவின் ஃபிளாஷைப் போடுவது. நேரே விழும் ஒளி புடைப்பைத் தட்டையாக்கிவிடும். செல்போன் டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்தால் நிழல் விழுந்து முகமும் விரலும் தெளியும். குளிர்காலத்தில் வடக்குச் சுவரில் நேர்வெயில் படாது. டார்ச் அங்கேதான் அதிகம் உதவும். அந்தப் பருவத்தில் தெற்குச் சுவருக்குக் காலை எட்டு மணிக்கு முன்பே வருவது நல்லது. அப்போது சூரியனே அந்த வேலையைச் செய்துவிடும். சிற்பத்தைக் கையால் தடவாதீர்கள். எண்ணெய்ப் பிசுக்கு ஏறி எழுத்து மங்கிவிடும்.

ராஜகம்பீரன் திருமண்டபத்தை எல்லோரும் பார்ப்பார்கள். குதிரை இழுக்க, சக்கரத்தோடு தேராகவே நிற்கிறது. தூண்களிலும் நுணுக்கமான வேலை உண்டு, ஆனால் உள்ளே வெளிச்சம் குறைவு. கண் பழக இரண்டு நிமிடம் நின்று பாருங்கள். காளையும் யானையும் ஒரே தலையைப் பகிர்ந்துகொள்ளும் சிற்பம் பலர் கண்ணில் படாமல் போகிறது. ஒரு பக்க உடலைக் கையால் மறைத்தால் யானை, மறுபக்கத்தை மறைத்தால் காளை. தெரியாவிட்டால் கோயில் காவலரிடம் கேளுங்கள். நரசிம்மரை அடக்கும் சரபமூர்த்தியும், மூன்று முகமும் எட்டுக் கையுமாக நிற்கும் அர்த்தநாரியும் வேறெங்கும் எளிதில் காணக் கிடைக்காதவை.

நந்திக்கு அருகே பலிபீடத்தின் படிகள் தட்டினால் சுரம் எழுப்பும் என்பார்கள். ஆளாளுக்குத் தட்டித் தேய்ந்துவிடும் என்று கம்பி வேலி போட்டுவிட்டார்கள். சரியான காரியம்.

அம்மனுக்கு வடக்கே தனிக்கோயில் இருக்கிறது. கூட்டம் இராது, ஆனால் அதையும் நடை சாத்துவதற்குள் பார்த்துவிட வேண்டும். தாராசுரத்திலிருந்து எடுத்துச் சென்ற கஜசம்ஹார மூர்த்தி தஞ்சாவூர் அரண்மனைக் கலைக்கூடத்தில் இருக்கிறார். அந்தப் பக்கம் ஊர் திரும்புகிறவர்கள் அங்கே ஒரு மணி நேரம் ஒதுக்கிக்கொள்ளலாம்.