இரண்டு எம்.ஆர்.ஐ. அறிக்கைகளும் நடுவில் ஒரு வால்வும்

டெட்ராலஜி ஆஃப் ஃபாலோ என்ற பிறவி இதயக் குறைபாட்டுடன் பிறந்த எனக்கு மூன்று வயதில் அறுவை சிகிச்சை நடந்தது. இரு கீழறைகளுக்கும் இடையே இருந்த ஓட்டையை அடைத்து, நுரையீரலுக்குச் செல்லும் குறுகலான பாதையை ஒட்டு வைத்து அகலப்படுத்தினார்கள். உயிரைக் காத்த அந்த அகலப்படுத்தலால் நுரையீரல் தமனியின் வால்வு அதன்பின் சரியாக மூடாமல் போயிற்று. வலது கீழறை வெளியே தள்ளிய இரத்தத்தில் ஒரு பங்கு ஒவ்வொரு துடிப்பிலும் திரும்பி வந்துகொண்டே இருக்க, அந்தக் கூடுதல் சுமையைத் தாங்குவதற்காக அறை ஆண்டுக்காண்டு விரிந்துகொண்டே போனது. எனக்கோ எந்தத் தொந்தரவும் தெரியவில்லை. மாடிப்படி ஏறினால் கொஞ்சம் மூச்சு வாங்கும். சிறுவயது முதல் அப்படித்தான் என்பதால் அதை நான் ஒரு குறையாகவே எண்ணியதில்லை.

முப்பத்து மூன்றாவது வயதில் வால்வு மாற்று அறுவை பற்றி மருத்துவர் பேசத் தொடங்கியபோது, என் உடம்பு சொல்லாத ஒன்றைப் படங்கள் சொல்வதை நம்ப வேண்டிய நிலை வந்தது. இத்தனை ஆண்டுகளாக எடுத்த எக்கோ (ஒலியலை) பரிசோதனைகள் கசிவு கடுமையாக இருப்பதைக் காட்டினாலும், வலது கீழறையின் கொள்ளளவைத் துல்லியமாகச் சொல்ல அவற்றால் இயலவில்லை. இடது கீழறை ஏறத்தாழ முட்டை வடிவில் இருப்பதால் அதை அளப்பது எளிது. வலது கீழறையோ பிறைபோல இடதை அணைத்துக்கொண்டு வளைந்து கிடப்பதால், ஓரிரு கோணங்களில் பார்த்து அதன் கொள்ளளவைக் கணக்கிட முடிவதில்லை. அதனால்தான் எம்.ஆர்.ஐ. தேவைப்பட்டது.

மார்பில் ஈ.சி.ஜி. பட்டைகளை ஒட்டி, அவற்றின் மேல் இயந்திரத்துக்கான சமிக்ஞையை வாங்கும் 'காயில்' என்ற கனமான பலகையை வைத்துக் கட்டி என்னை உள்ளே அனுப்பினார்கள். "மூச்சை இழுங்கள், வெளியே விடுங்கள், அப்படியே நிறுத்துங்கள்" என்ற குரல் ஒலித்த ஒவ்வொரு முறையும் பத்துப் பன்னிரண்டு நொடிகள் மூச்சை வெளியே விட்ட நிலையிலேயே காத்திருக்க வேண்டும். மூச்சை இழுத்து நிறுத்துவதைவிட விட்டு நிறுத்துவது கடினம். ஆனால் அப்போதுதான் இதயம் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் வந்து நிற்கும். முதல் நாளே வீட்டில் படுத்துக்கொண்டு இதைப் பழகியது மிகவும் உதவியது என்பதை, இந்தப் பரிசோதனைக்குச் செல்லவிருப்பவர்களுக்கு அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

அறிக்கை வந்தபோது என் கண் ஓர் எண்ணில் குத்திட்டு நின்றது. முழுமையாக விரிந்த நிலையில் வலது கீழறையின் கொள்ளளவு, உடல் பரப்பின் ஒரு சதுர மீட்டருக்கு 168 மில்லிலிட்டர். இரண்டு ஆண்டுகளுக்கு முன் வேறோரிடத்தில் எடுத்த எம்.ஆர்.ஐ. அறிக்கையில் அது 142 ஆக இருந்தது. 26 மில்லிலிட்டர் கூடிவிட்டதே என்று அன்றிரவு எனக்கு உறக்கமில்லை. நல்லவேளையாகப் பழைய படங்கள் அடங்கிய குறுந்தகட்டை அம்மா பத்திரமாக வைத்திருந்தார். அதைப் பார்த்த மருத்துவர், அறையின் உட்சுவரில் உள்ள தசைப் பின்னல்களைப் பழைய அளவீட்டில் விலக்கியிருக்கிறார்கள், புதியதில் சேர்த்திருக்கிறார்கள் என்று கண்டுபிடித்தார். பழைய படங்களையே புதிய முறையில் மீண்டும் அளந்தபோது 156 வந்தது. உண்மையான வளர்ச்சி 12 மில்லிலிட்டர் மட்டுமே. ஆயினும் 2020ஆம் ஆண்டின் ஐரோப்பிய வழிகாட்டுதல், அறிகுறிகள் இல்லாதவர்களுக்கும் அறுவையைப் பரிசீலிக்கச் சொல்லும் எல்லைகளான, விரிந்த நிலையில் 160, சுருங்கிய நிலையில் 80 ஆகிய இரண்டையும் நான் கடந்துவிட்டிருந்தேன். சுருங்கிய நிலையில் என் அளவு 88. படத்தில் இடது கீழறையின் வட்டம் ஒரு பக்கம் தட்டையாகிக் கிடந்ததை நானே கண்டேன். வலது அறை அதை அப்படி நெருக்கிக்கொண்டிருந்தது. அறுவைக்குச் சம்மதித்தேன்.

அறுவை முடிந்த சில நாட்களில் எடுத்த எக்கோவில் ஓர் அதிர்ச்சி காத்திருந்தது. வலது கீழறையின் மேலறையை ஒட்டிய விளிம்பு துடிப்புக்குத் துடிப்பு எவ்வளவு தூரம் கீழிறங்குகிறது என்பதைக் காட்டும் அளவு 19 மில்லிமீட்டரிலிருந்து 11 ஆகக் குறைந்திருந்தது. இதய உறையைத் திறந்து செய்யும் அறுவைக்குப் பின் நீளவாட்டு அசைவு குறைவது வழக்கம் என்றும், அதை மட்டும் வைத்து அறை பலவீனமாகிவிட்டது என்று முடிவு கட்டக் கூடாது என்றும் மருத்துவர் விளக்கினார். இதை முன்பே சொல்லியிருந்தால் இரண்டு நாள் கலக்கம் மிச்சமாகியிருக்கும்.

ஓராண்டு கழித்து, அதே இயந்திரத்தில், அதே முறையில் அளக்கப்பட வேண்டும் என்று கேட்டுக்கொண்டு மீண்டும் எம்.ஆர்.ஐ. எடுத்தேன். விரிந்த நிலையில் 112, சுருங்கிய நிலையில் 60. மகிழ்ச்சியுடன் படித்துக்கொண்டே வந்தவன் அடுத்த வரியில் நின்றுவிட்டேன். எஜெக்‌ஷன் ஃபிராக்‌ஷன், அதாவது நிரம்பிய இரத்தத்தில் எத்தனை சதவீதம் வெளியே தள்ளப்படுகிறது என்ற அளவு, 48இலிருந்து 46 ஆகியிருந்தது. மார்பைப் பிளந்து புது வால்வு வைத்தும் இதயத்தின் திறன் கூடவில்லையா?

மருத்துவர் ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டுக் காட்டினார். முன்பு ஒரு துடிப்பில் 168இலிருந்து 88 ஆகச் சுருங்கி, சதுர மீட்டருக்கு 80 மில்லிலிட்டரை அறை தள்ளியது. அதில் 42 சதவீதம் திரும்பி வந்ததால் நுரையீரலுக்குச் சேர்ந்தது 46 மட்டுமே. இப்போது 52தான் தள்ளுகிறது, ஆனால் கசிவு 4 சதவீதமே என்பதால் 50 போய்ச் சேர்கிறது. முன்னோக்கிப் போவதையும் திரும்பி வருவதையும் எஜெக்‌ஷன் ஃபிராக்‌ஷன் என்ற சதவீதம் பிரித்துப் பார்ப்பதில்லை. குறைவாக உழைத்துக் கூடுதலாகக் கொண்டுசேர்க்கும் அறையைத்தான் நான் பலவீனமான அறை என்று எண்ணிக் கலங்கியிருக்கிறேன். அந்தத் தாளை, அறுவைக்கு முன்னும் பின்னும் வந்த இரண்டு அறிக்கைகளுக்கும் நடுவில் வைத்திருக்கிறேன்.

புதிய வால்வின் உலோக வளையம் படத்தில் ஒரு கறுப்புத் திட்டாக விழுந்தது. அதனால் இரத்த ஓட்டத்தை அதைவிட்டுச் சற்றுத் தள்ளி அளந்தார்கள். தழும்பைத் துலக்கிக் காட்டும் காடோலினியம் என்ற மருந்தைச் செலுத்தி எடுத்த படங்களில், சிறுவயது அறுவையின் தழும்பு வலது கீழறையின் வெளியேறு பாதையில் வெள்ளைக் கோடாக இரண்டு முறையும் அப்படியே தெரிந்தது. வால்வை மாற்றியதால் அது மறையாது. இதயத்துடிப்பு தாறுமாறாவதற்கு அது காரணமாகலாம் என்பதால் ஆண்டுதோறும் துடிப்பை 24 மணி நேரம் தொடர்ந்து பதிவுசெய்யும் ஹோல்டர் பரிசோதனை தொடர்கிறது. விலங்குத் திசுவால் ஆன இந்த வால்வும் காலப்போக்கில் தேயும் என்பதால் எக்கோவும் ஆண்டுக்கு ஒரு முறை உண்டு. அடுத்த எம்.ஆர்.ஐ.க்குச் செல்லும்போது கொண்டுபோக, எல்லாக் குறுந்தகடுகளையும் தேதி எழுதி ஒரே உறையில் போட்டு அம்மாவிடமே கொடுத்திருக்கிறேன்.