ஒரு பந்தும் அடிக்காமல் இரண்டாம் இடம்

செப்டம்பர் 12, 2024, வியாழன்

ஆசிரியர் கூட்டத்தில் நான் கை தூக்கியதாக எனக்கு நினைவில்லை. "எக்செல் நன்றாகத் தெரிந்தவர் ஒருவர் வேண்டும்" என்றார் முதல்வர். எல்லோரும் கணக்கு டீச்சரான என்னைப் பார்த்தார்கள், அவ்வளவுதான். இந்த வருடம் எங்கள் வட்டாரத்தின் ஐந்து பள்ளிகளுக்கு, பதினாறு வயதுக்கு உட்பட்ட பையன்களின் ஹர்லிங் (மட்டையால் சின்னப் பந்தை அடிப்பது), கேலிக் கால்பந்து (கையாலும் காலாலும் ஆடுவது) இரண்டுக்கும் நான்தான் செயலாளர். அயர்லாந்தில் கால்வேக்குக் கிழக்கே குடிவந்து ஒன்பது வருடமாகிறது. இன்றுவரை ஹர்லி மட்டையைக் கையில் பிடித்ததில்லை.

பி.டி. மாஸ்டர் பத்து நிமிடத்தில் பாடம் நடத்தினார். இரண்டு ஆட்டத்துக்கும் ஒரே மைதானம், H வடிவக் கம்பம். குறுக்குக் கம்பிக்குக் கீழே பந்து போனால் கோல், மூன்று புள்ளி. மேலே போனால் ஒரு புள்ளி. ஸ்கோரை 2-11 என்று எழுதுவார்கள். இரண்டு கோல், பதினொரு புள்ளி, மொத்தம் பதினேழு. சரி, இதுவரை புரிந்தது.

வீட்டுக்கு வந்து அட்டவணைக் கோப்பைத் திறந்து, சோதனைக்காக 2-11 என்று அடித்தேன். எக்செல் அதை நவம்பர் 2 ஆக்கிவிட்டது. முதல் வேலையாக அந்தப் பத்தி முழுவதையும் 'டெக்ஸ்ட்' என்று மாற்றினேன்.

செப்டம்பர் 25, புதன்

ஐந்து பள்ளிகளும் ஒன்றோடொன்று மோதினால் பத்து ஆட்டம். ஹர்லிங் பத்து, கால்பந்து பத்து, ஆக இருபது. செப்டம்பர் முதல் மார்ச் வரை இருக்கிறதே, இருபது ஆட்டம் என்ன பெரிய விஷயம் என்றுதான் நினைத்தேன்.

இரண்டு ஆட்டத்துக்கும் ஒரே பையன்கள்தான் வருகிறார்கள் என்பதை மறந்துவிட்டேன். பெரிய பள்ளிகளில் தனித்தனி அணி எடுக்க முடியும். எங்களைப் போன்ற பள்ளிகளில் செவ்வாய்க்கிழமை ஹர்லி பிடித்தவன்தான் வியாழக்கிழமை பந்தை உதைக்கிறான். மாலையில் அவனுக்குக் கிளப் பயிற்சி இருக்கும், கிளப்பில் இரண்டு வயதுப் பிரிவிலும் அவன் பெயர் இருக்கும். ஆகவே ஒரே வாரத்தில் இரண்டு ஆட்டம் கூடாது. பையன்களின் ஆட்டங்கள் கேலிக் விளையாட்டுச் சங்கத்தின் (ஜி.ஏ.ஏ.) கீழே. அப்புறம் கமோகி, அதாவது பெண்களின் ஹர்லிங், பெண்கள் கால்பந்து. இரண்டையும் நடத்துவது வேறு இரண்டு சங்கங்கள். அவர்களுக்குத் தனி அட்டவணை, ஆனால் மைதானமும் பஸ்ஸும் எங்களோடதுதான். 2027க்குள் மூன்று சங்கங்களும் ஒன்றாகப் போவதாகத் திட்டம். எனக்கு இந்த வருடமே ஆகியிருந்தால் புண்ணியமாகப் போயிருக்கும்.

கால்பந்து மைதானம்தானே, எங்காவது கிடைக்காதா என்று கேட்காதீர்கள். இந்த ஆட்டத்துக்குக் குறைந்தது 130 மீட்டர் நீளம், 80 மீட்டர் அகலம் வேண்டும். சாதாரண சாக்கர் மைதானத்துக்குள் அடங்காது. கிளப்காரர்களைத்தான் கெஞ்ச வேண்டும்.

அக்டோபர் 16, புதன்

முதல் சுற்று நடந்துவிட்டது. எங்கள் பள்ளி ஜெயித்தது.

அணிப் பட்டியலைச் சங்க விதிப்படி ஐரிஷ் மொழியில் எழுத வேண்டும். ஸ்மித் என்பவன் அதில் 'மக் கவன்' ஆகிவிடுகிறான். கொல்லனின் மகன் என்று பொருளாம். மர்ஃபி 'ஓ முர்ஹூ' ஆகிறான். எங்கள் அணியில் பிரேசில் குடும்பத்துப் பையன் ஒருவன் இருக்கிறான். இந்தக் கவுண்டியின் தெற்கே கோர்ட் ஊரில் பிரேசில்காரர்கள் நிறைய, இங்கும் சில வீடுகள் உண்டு. அவன் பெயரை எப்படி எழுதுவது என்று ஐரிஷ் டீச்சரிடம் கேட்டேன். "அப்படியே விடு, சில்வா அழகாகத்தானே இருக்கிறது" என்றார்.

ஆட்டத்துக்கு முன் ரெஃபரி ஒவ்வொருவனின் ஹெல்மெட்டையும் பிடித்து ஆட்டிப் பார்த்தார். 2010 முதல் ஹர்லிங்கில் எல்லோருக்கும் ஹெல்மெட் கட்டாயம். கால்பந்தென்றால் பல்லுக்கு மவுத்கார்டு. அன்றைக்குத்தான் பந்தையும் முதன்முறையாகக் கையில் வாங்கிப் பார்த்தேன். ஸ்லிட்டர் என்கிறார்கள். வெள்ளைத் தோல், ஓரம் தடித்து மேலே எழும்பிய தையல். கிரிக்கெட் பந்தைவிடக் கொஞ்சம் லேசு. ஆனால் அந்தத் தையல் விளிம்பு விரலில் பட்டால் தெரியும்.

கம்பத்துக்கு இரண்டு பக்கமும் நான்காம் வருடப் பையன்கள் வெள்ளைக் கோட்டு மாட்டி நின்றார்கள். கோல் என்றால் பச்சைக் கொடி, புள்ளி என்றால் வெள்ளைக் கொடி. கோட்டு எல்லாம் பெரியவர்கள் அளவு, முழங்காலுக்குக் கீழே தொங்கியது. மருத்துவமனையில் வழி தவறிய பயிற்சி டாக்டர்கள் மாதிரி இருந்தார்கள்.

ஐந்தாம் பள்ளிக்கு இந்தச் சுற்றில் ஆட்டம் இல்லை. என் கோப்பில் ஐந்தாவது பத்தியில் இருப்பதால் அந்தப் பெயர். ஐந்து பள்ளிகளில் அதுதான் மிகச் சின்னது. ஹர்லிங் ஆடத் தெரிந்தவர்கள் பதினாறு பேர். அவர்களுக்காகவே இந்தப் பிரிவில் பதினைந்துக்குப் பதில் பதின்மூன்று பேர் என்று பேசி முடித்தோம்.

நவம்பர் 1, வெள்ளி

இடைப்பருவ விடுமுறை. 1884இல் இதே தேதியில் தர்லஸ் ஊரில் ஹேய்ஸ் ஓட்டலில் கூடித்தான் இந்தச் சங்கத்தைத் தொடங்கினார்கள். கூட்டத்துக்கு வந்தது ஏழு பேரா, அதற்கு மேலா என்று இன்றும் வாதம் நடக்கிறது. ஆள் குறைவு அன்றைக்கே ஆரம்பித்திருக்கிறது.

நவம்பர் 13, புதன்

ஐந்தாம் பள்ளியின் முதல் ஆட்டம் இன்று. காலை 9:10க்கு எதிரணிப் பள்ளியிலிருந்து போன். இரண்டு ஆசிரியர்கள் லீவு, அவர்கள் வகுப்பைப் பார்க்க ஆளில்லை, பையன்களை அழைத்துவர முடியாது. விட்டுக்கொடுக்கிறோம் என்றார்கள்.

ஐந்தாம் பள்ளிக்கு வாக்ஓவர். அந்த அணியைப் பார்த்துக்கொள்வது ஒரு சின்ன வயது டீச்சர், மினிபஸ்ஸையும் அவரே ஓட்டுவார். செய்தி போட்டேன். "சரி. அடுத்தது எப்போது?" என்று மட்டும் பதில் வந்தது.

டிசம்பர் 4, புதன்

மறுபடியும். இந்த முறை பஸ் கிடைக்கவில்லையாம். பஸ் வாடகை எவ்வளவு ஏறிவிட்டது என்பது எனக்கும் தெரியும், திட்ட மனம் வரவில்லை. ஆனால் ஐந்தாம் பள்ளிப் பையன்கள் இரண்டாவது முறையாக ஜெர்சி மாட்டி, பூட்ஸ் கட்டி, அப்புறம் கழற்றியிருக்கிறார்கள்.

ஒரு வெற்றிக்கு இரண்டு புள்ளி. மூன்று சுற்று முடிந்த நிலையில் முதல் பள்ளிக்கு ஆறு, ஐந்தாம் பள்ளிக்கு நான்கு, எங்களுக்கு இரண்டு, மற்ற இருவருக்கும் பூஜ்யம். பருவம் முழுவதும் ஒரு பந்துகூட அடிக்காத அணி அட்டவணையில் இரண்டாம் இடம். கணக்கில் பிழை இல்லை, நான் மூன்று முறை சரிபார்த்தேன். தோற்ற அணிக்காவது குளிரில் ஒரு மணி நேரம் ஓடிய கதை இருக்கும். வாக்ஓவரில் ஜெயித்தவனிடம் வீட்டில் "எப்படிடா ஆடினே?" என்று கேட்டால் அவன் என்ன சொல்வான்?

கால்பந்தில் வேறு கூத்து. சனிக்கிழமை சங்கத்தின் சிறப்பு மாநாட்டில் 2025க்கான புது விதிகளை ஏற்றுவிட்டார்கள். டப்ளின் அணியின் பழைய மேலாளர் ஜிம் கேவின் தலைமையில் ஒரு குழு எழுதியது. கம்பத்திலிருந்து 40 மீட்டரில் ஒரு வளைவு. அதற்கு வெளியிலிருந்து மேலே அடித்தால் இரண்டு புள்ளி. இன்று மதிய இடைவேளையில் எங்கள் பையன்கள் ஆரஞ்சுக் கூம்புகளை வளைவாக அடுக்கி வைத்து எல்லோரும் அங்கிருந்தே உதைத்துக்கொண்டிருந்தார்கள். ஒன்றும் கம்பம் வரை போகவில்லை.

ஜனவரி 9, 2025, வியாழன்

இன்று ஐந்தாம் பள்ளிக்கும் எங்களுக்கும் ஆட்டம். வாரம் முழுக்கக் கடும் உறைபனி. காலை எட்டரைக்கு கிளப் மைதானத்துக்குப் போனேன். அதைப் பராமரிக்கும் பெரியவர் ஏற்கெனவே கோல் அருகே நின்றிருந்தார். பூட்ஸ் குதிகாலை மண்ணில் ஊன்றி முழு எடையையும் கொடுத்து அழுத்தினார். குதிகால் உள்ளே இறங்கவில்லை, 'டக்' என்று சத்தம்தான் வந்தது, சிமென்ட் தரையில் தட்டினாற்போல. நான்கு இடத்தில் அப்படியே செய்தார். என்னையும் ஒருமுறை அழுத்தச் சொன்னார், நம்பாமல் போய்விடுவேன் என்று நினைத்திருப்பார்.

"பதினோரு மணிக்கு வெயில் வந்தால்?" என்றேன்.

"மேலே மட்டும் உருகும். அது இன்னும் மோசம், மிஸ்."

ஐந்தாம் பள்ளிக்குச் செய்தி போட்டேன். "சரி. அடுத்தது எப்போது?"

ஜனவரி 27, திங்கள்

இதைக் காருக்குள் உட்கார்ந்து, போனை அங்கேயே சார்ஜ் போட்டு எழுதுகிறேன். வீட்டில் கரண்ட் இல்லாமல் நான்காம் நாள்.

வெள்ளியன்று வந்த புயலின் பெயர் எயோவின். நாடு முழுவதும் சிவப்பு எச்சரிக்கை, எல்லாப் பள்ளிகளும் மூடல். எங்கள் கவுண்டியின் மேற்குக் கரையில் மேஸ் ஹெட்டில் காற்று மணிக்கு 183 கிலோமீட்டர். 1945இல் பதிவான பழைய சாதனையை முறியடித்துவிட்டது. ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளுக்கு மின்சாரம் போனது. எங்கள் தெருவில் இரண்டு மரம் விழுந்தன, ஆள் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

உறைபனியில் தேங்கிய கால்பந்து ஆட்டங்களுக்காக பக்கத்து மேயோ கவுண்டியில் பெக்கன் என்ற இடத்தில் உள்ள ஏர் டோமை வரும் புதன்கிழமைக்குக் கேட்டு வைத்திருந்தேன். காற்றடைத்து நிற்கும் கூடாரம். உள்ளே முழு அளவு மைதானம். விளையாட்டுக்கான இந்த வகைக் கூடாரங்களில் உலகிலேயே பெரியது என்பார்கள். மழையும் பனியும் அங்கே ஒன்றும் செய்ய முடியாது என்று பெருமையாக எல்லோருக்கும் செய்தி அனுப்பியிருந்தேன். வெள்ளிக்கிழமை காற்று அதைக் கிழித்துப் போட்டுவிட்டது. வெள்ளைத் துணி மைதானத்தின் மேல் சுருண்டு கிடக்கும் படத்தை பி.டி. மாஸ்டர் அனுப்பினார், கீழே "அட்டவணையை மாற்றணுமோ?" என்று ஒரு வரி.

ஐந்தாம் பள்ளிக்கு முதல் பள்ளியோடு இந்த வாரம் இருந்த ஹர்லிங்கும் போச்சு. அவர்கள் ஊரில் இன்னும் தண்ணீரே வரவில்லை. நான் செய்தி போடவே இல்லை. இரவு பத்து மணிக்கு அந்த டீச்சரிடமிருந்துதான் வந்தது: "எல்லோரும் நலமா? அடுத்தது எப்போது?"

பிப்ரவரி 12, புதன்

புயல் தின்ற நாட்களை எங்கிருந்து எடுப்பது? மூத்த வகுப்புகளுக்கு மாதிரித் தேர்வு. அடுத்த வாரம் இடைப்பருவ விடுமுறை. மார்ச்சில் பெரிய பள்ளிகளின் அகில அயர்லாந்து இறுதிகள். கால்பந்துக்கு ஹோகன் கோப்பை, ஹர்லிங்குக்குக் குரோக் கோப்பை என்று ஊரே பேசும். பக்கத்தில் டுவாம் ஊரின் செயின்ட் ஜார்லத்ஸ் பள்ளி ஹோகன் கோப்பையைப் பன்னிரண்டு முறை ஜெயித்தது. அந்தப் புகைப்படங்களைப் பார்த்துத்தான் எங்கள் ஊர்ப் பையன்களும் பந்தை எடுக்கிறார்கள், குறை சொல்லவில்லை. ஆனால் அந்த வாரங்களில் எங்கள் பிரிவுக்கு ரெஃபரி கேட்டால் சிரிக்கிறார்கள்.

ரெஃபரிகளும் பாவம். வேலைநாள் மதியத்தில் யார் வருவார்கள்? ஓய்வு பெற்றவர்கள், விவசாயிகள். விவசாயிகளுக்கு இது மாடு கன்று போடும் பருவம். ஒருவர் போனை எடுத்து, "இப்போது என் கை முழங்கை வரை உள்ளே இருக்கிறது, அப்புறம் கூப்பிடு" என்று வைத்துவிட்டார்.

ஒரு முடிவெடுத்தேன். மீதி லீக் ஆட்டங்கள் ரத்து, நேராக அரையிறுதி. பூஜ்யத்தில் இருந்த பள்ளிகளில் ஒன்று விலகிக்கொண்டதால் நான்கு அணிகள் சரியாக வந்துவிட்டன. முதலிடம் நான்காம் இடத்தோடு. இரண்டாம் இடமான ஐந்தாம் பள்ளி, மூன்றாம் இடமான எங்களோடு. மார்ச் 5, மதியம் 12:30. இந்த முறை பஸ், மாற்று ஆசிரியர், மைதானம் மூன்றையும் நானே உறுதி செய்தேன். கன்று ரெஃபரியும் வருகிறார்.

மார்ச் 5, புதன்

நடந்தது!

எட்டரைக்கே பெரியவரிடம் போய் நின்றேன். குதிகால் இரண்டு அங்குலம் இறங்கியது. "ஈரம்தான், ஆனால் ஆடலாம்" என்றார். 12:05க்கு மினிபஸ் திரும்பியதைப் பார்க்கும்வரை எனக்கு நம்பிக்கை இல்லை. பதினாறு பேர் இறங்கினார்கள். ஒருவன் மட்டையில் தகரப் பட்டை புதிதாக அடித்துப் பளபளத்தது. அக்டோபரிலிருந்து அப்படியே இருக்கிறது போல.

இன்று திருநீற்றுப் புதன். காலைப் பூசைக்குப் போய் வந்தவர்கள் நெற்றியில் சாம்பல் சிலுவை. நம் ஊரில் விபூதி வெள்ளை, இங்கே கறுப்பு. ஹெல்மெட் மாட்டியதும் அது கலைந்து, பாதி இடைவேளைக்குள் சாம்பலும் சேறும் வேர்வையும் பிரித்தறிய முடியாமல் இரண்டு அணியும் ஒரே நிறமாகிவிட்டன.

ஆட்டத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. எங்கள் பையன்கள் இரண்டு ஆட்டம் ஆடிய கை, அவர்கள் முதல் ஆட்டம். பத்து நிமிடத்தில் முடிவு தெரிந்துவிட்டது. இரண்டாம் பாதியில் எங்கள் பி.டி. மாஸ்டர் நல்ல ஆட்டக்காரர்கள் நான்கு பேரை வெளியே எடுத்தார், யாரும் கேட்காமலே.

கடைசி ஐந்து நிமிடத்தில் ஐந்தாம் பள்ளியின் குட்டைப் பையன் ஒருவன் கோல் முன்னால் ஏழெட்டு மட்டைகள் மோதும் இடத்தில் தரையோடு ஒரு அடி கொடுத்தான். பந்து எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. எங்கள் கோல்கீப்பர் திரும்பிப் பார்த்தான். வலையின் அடியில் இருந்தது. வெள்ளைக் கோட்டுப் பையன் பச்சைக் கொடிக்குப் பதில் பதற்றத்தில் வெள்ளையை எடுத்து, கீழே போட்டு, பச்சையைத் தேடி எடுத்து ஆட்டினான். அந்தப் பக்கமிருந்து வந்த கத்தலில் பக்கத்து வயல் மாடுகள் எல்லாம் தலை தூக்கின.

எங்களுக்கு 4-11, அவர்களுக்கு 1-3. இருபத்து மூன்றுக்கு ஆறு.

பஸ் ஏறும் முன் அந்த டீச்சர் என்னிடம் வந்தார். நான் முந்திக்கொண்டு, "கால்பந்து, அடுத்த புதன், உங்கள் மைதானம்" என்றேன். "சரி" என்று சொல்லி ஸ்டியரிங்கில் உட்கார்ந்தார்.

காரில் உட்கார்ந்து போனிலேயே ஸ்கோரை ஏற்றினேன். அரையிறுதிக்கு நான் புதிதாகச் சேர்த்த பத்தியை 'டெக்ஸ்ட்' ஆக்க மறந்திருந்தேன். எங்களுடையது நவம்பர் 4 ஆனது, அவர்களுடையது மார்ச் 1. இரண்டையும் அழித்துவிட்டு மறுபடி அடித்தேன்.