‘டென்ஷன் ஆகாதே’ன்னா கிட்னி கேட்குமா?

2025 பிப்ரவரி 24, திங்கள்

ரிப்போர்ட் வந்துடுச்சு. கிரியாட்டினின், அதாவது கிட்னி வெளியேத்த வேண்டிய ஒரு கழிவு ரத்தத்துல எவ்வளவு இருக்குங்கறது, போன தடவை 2.0, இப்ப 2.1. கிட்னி எவ்வளவு வடிகட்டுதுங்கற கணக்கு, ஈஜிஎஃப்ஆர், 41ல இருந்து 39க்கு இறங்கியிருக்கு. யூரின்ல ஒழுகற ஆல்புமின்ங்கற புரோட்டீனோட அளவு, அதான் ஏசிஆர், 240ல இருந்து 310. கிட்னி வியாதியோட ஸ்டேஜ் மாறல, ஈஜிஎஃப்ஆர் 30லேர்ந்து 44 வரைக்கும் 3பி தான், ஆனா ஏசிஆர் 300ஐ தாண்டினா அது அடுத்த படி, அதனால அந்த நம்பர்தான் கண்ணுலயே நிக்குது.

அக்காவுக்கு போன் பண்ணி சொன்னேன். ஒரு செகண்ட் கூட யோசிக்கல, "எல்லாம் அந்த ஆபீஸ் டென்ஷன்டா, நீ முதல்ல கவலைப்படறதை விடு"ன்னாங்க. ஆள் குறைப்பு வரப்போகுது வரப்போகுதுன்னு ஆபீஸ்ல மாசக்கணக்கா பேச்சு ஓடிட்டிருக்கறது அவங்களுக்கும் தெரியும். எனக்கும் அப்படித்தான் தோணுச்சு, பொய் சொல்ல மாட்டேன். ஆனா டாக்டர் அப்படி சொல்லல. கிரியாட்டினின் 2.0க்கும் 2.1க்கும் நடுவுல இருக்கற வித்தியாசம் சாதாரண ஏற்ற இறக்கத்துக்குள்ளயே வரும், முந்தின நாள் தண்ணி கம்மியா குடிச்சிருந்தாலோ கறி நிறைய சாப்பிட்டிருந்தாலோ கூட மாறும், ஏசிஆர் அதை விட அதிகமா ஆடும், காலையில எழுந்ததும் போற முதல் யூரின்ல திரும்ப எடுத்துப் பாருங்கன்னார். டென்ஷன் பத்தி நானேதான் கேட்டேன். "இருக்கலாம், ஆனா அது நேரா வந்து கிட்னியை அடிக்காது, எந்த வழியா வருதுன்னு பாருங்க"ன்னார். அந்த "எந்த வழியா"ங்கறது மண்டைக்குள்ள ஓடிக்கிட்டே இருக்கு, அதான் இந்த டைரி.

2025 பிப்ரவரி 26, புதன்

ரெண்டு ராத்திரியா படிச்சதை எனக்குப் புரியற மாதிரி எழுதி வைக்கறேன்.

பயமோ கோபமோ வந்தா மூளை ரெண்டு வழியில ஆர்டர் போடுது. ஒண்ணு சிம்பதெடிக் நரம்பு, ஆபத்துன்னா உடம்பை உஷார் பண்றது, உடனே வேலை செய்யும். இன்னொண்ணு ஹைப்போதலாமஸ், பிட்யூட்டரி, அட்ரினல்னு சுத்தி வர்ற ஹார்மோன் வழி, கடைசியில வர்றது கார்ட்டிசால்ங்கற டென்ஷன் ஹார்மோன். அட்ரினல் சுரப்பி கிட்னி தலை மேலதான் உக்காந்திருக்கு, அதனால அங்கேர்ந்து நேரா கிட்னிக்குள்ள ஊத்துதுன்னு நிறைய பேர் நினைக்கறாங்க, அப்படி இல்ல. அட்ரினல்லேர்ந்து வர்ற ரத்தம் கிட்னியை விட்டு வெளியே போற பக்கமாத்தான் போய்ச் சேருது, இதயம், நுரையீரல்னு போய், எல்லா உறுப்புக்கும் போற ரத்தத்தோட சேர்ந்துதான் கிட்னிக்கு வரும். பக்கத்து வீட்டுக்காரர்ங்கறதுக்காக தனி சலுகை ஒண்ணும் கிடையாது.

நேரா வர்றது நரம்புதான். கிட்னிக்குன்னே தனியா சிம்பதெடிக் நரம்புகள் இருக்கு. அது தூண்டப்பட்டா மூணு வேலை நடக்குது: கிட்னியோட ரத்தக்குழாய் சுருங்குது, கிட்னி உப்பை வெளிய விடாம பிடிச்சு வச்சுக்குது, ரெனின்னு ஒண்ணை விடுது. ரெனின் வந்தா ஆஞ்சியோடென்சின், அது வந்தா ஆல்டோஸ்டிரோன், அப்புறம் இன்னும் உப்பு, இன்னும் தண்ணி, பிபி மேல. இதுல ஆஞ்சியோடென்சின்தான் முக்கியமான ஆளு. கிட்னி ஃபில்டருக்குள்ள ரத்தம் வர்ற குழாயை விட வெளிய போற குழாயை அது அதிகமா சுருக்கும். தண்ணி ஓடற டியூபோட வாயை விரலால அழுத்தினா உள்ள பிரஷர் ஏறுதில்ல, அந்த மாதிரி ஃபில்டருக்குள்ள பிரஷர் ஏறுது. கொஞ்ச நேரம்னா பரவால்ல. வருஷக்கணக்கா அப்படியே இருந்தா ஃபில்டர் சுவர்ல இருக்கற செல்லுங்க தாங்காது, புரோட்டீன் ஒழுகும், தழும்பு விழும். ஏற்கெனவே பாதி ஃபில்டர் போனவங்களுக்கு மிச்சம் இருக்கறது ஒவ்வொண்ணும் கூடுதல் சுமைல ஓடிட்டிருக்கு, அதனால எங்களுக்கு இது கொஞ்சம் அதிகமாவே உறைக்கும்.

இதைப் படிக்கும்போது ஒண்ணு மண்டைல உறைச்சுது. நான் தினமும் போடற பிபி மாத்திரை டெல்மிசார்ட்டன் என்ன பண்ணுது? அந்த ஆஞ்சியோடென்சின் வேலை செய்யற இடத்தைத்தான் அடைக்குது. அதாவது டென்ஷன் வர்ற ரோட்டுல ஒரு பெரிய ரோட்டை அந்த மாத்திரை தினமும் மறிச்சுக்கிட்டு நிக்குது. "மனசை அமைதியா வச்சுக்கோ"ன்னு ஊர் பூரா சொல்றதை விட அந்த ஒரு மாத்திரையை விடாம போடறது நிச்சயமான வேலை, என் கணக்கு இதுதான்.

2025 மார்ச் 1, சனி

மீட்டிங் முடிஞ்சு வந்து உடனே பிபி பார்த்தா 152/94. அரை மணி கழிச்சு முதுகு சாஞ்சு, கால் ரெண்டும் தரையில, கை இதய மட்டத்துல வச்சு, அஞ்சு நிமிஷம் வாயைத் திறக்காம இருந்துட்டுப் பார்த்தா 134/84. ரெண்டுமே பொய் இல்ல. ஆனா டாக்டருக்குக் காட்ட வேண்டியது ரெண்டாவது மாதிரி எடுத்தது, காலையிலயும் சாயந்திரமும், ஒரு நிமிஷ இடைவெளில ரெண்டு ரெண்டு தடவை. டென்ஷன் வந்த நேரமாப் பார்த்து மெஷினை மாட்டிக்கிட்டு உக்காந்தா அந்த நம்பரைப் பார்த்தே இன்னும் ஏறும்.

2025 மார்ச் 4, செவ்வாய்

இது எனக்கு சுத்தமா தெரியாத விஷயம். மூளைதான் கிட்னியை படுத்துதுன்னு நினைச்சுட்டிருந்தேன், கிட்னியும் மூளையை படுத்துதாம். 1992ல வந்த ஒரு ஆய்வு, டயாலிசிஸ் பண்ணிக்கறவங்களோட நரம்புல ஓடற சிக்னலை நேரடியா அளந்து பார்த்திருக்காங்க. சொந்த கிட்னி உடம்புக்குள்ளயே இருந்தவங்களுக்கு சிம்பதெடிக் நரம்பு ரொம்ப ஜாஸ்தியா ஓடிட்டிருந்தது, ரெண்டு கிட்னியையும் எடுத்துட்டவங்களுக்கு அப்படி இல்ல, நல்லா இருக்கறவங்க அளவுலயே இருந்தது. அடிபட்ட கிட்னி மூளைக்கு சிக்னல் அனுப்பி மொத்த சிஸ்டத்தையும் முறுக்கி வைக்குதுன்னு இதுலேர்ந்து புரிஞ்சுக்கிட்டாங்க. இந்த நரம்பை உள்ளேர்ந்து சுட்டு அடங்காத பிபியைக் குறைக்கற கருவிகளுக்கு அமெரிக்காவுல 2023ல அனுமதி கூட குடுத்துட்டாங்க, ஆனா அது பிபிக்கு, கிட்னியைக் காப்பாத்தும்னு யாரும் நிரூபிக்கல.

சரி, இதுல எனக்கு என்னன்னா, படபடப்பா இருக்கு, சின்ன விஷயத்துக்கும் உடம்பு உதறிக்குதுன்னா அது முழுக்க என் குணம்னு நினைக்க வேண்டியதில்லபோல. வியாதியே உடம்பை அந்த கியர்ல வச்சிருக்கு. டென்ஷன்னால வியாதி வந்துச்சுன்னு சொல்றவங்க வியாதினால டென்ஷன் வர்றதை கணக்குல எடுக்கறதே இல்ல. இந்த ஆய்வுகள்லயே அதுதான் பெரிய சிக்கல், ஜாஸ்தி கவலைல இருக்கறவங்களுக்கு கிட்னி சீக்கிரம் மோசமாச்சுன்னு பார்த்தா, ஏற்கெனவே மோசமா இருந்ததாலதான் அவங்க கவலைப்பட்டாங்களோ என்னவோ, எது முதல்லன்னு பிரிக்கறது லேசுப்பட்ட வேலை இல்ல.

2025 மார்ச் 8, சனி

ஆபீஸ்ல கூட வேலை பார்க்கறவர் ஒருத்தர், அவருக்கும் கிட்னி பிரச்சினை, தலைவலிக்குன்னு பெயின்கில்லர் வாய்ல போட்டுக்கறதைப் பார்த்தேன். இப்யூபுரோஃபென். நான் சும்மா இருக்க மாட்டாம, "சார், இது நமக்கு ஆகாது, டாக்டரைக் கேட்டீங்களா"ன்னேன். "ரெண்டு வாரமா தூக்கமே இல்லீங்க, தலை வெடிக்குது"ன்னார்.

டாக்டர் சொன்ன "எந்த வழியா" இதுதான்னு நினைக்கறேன். கார்ட்டிசால், ரெனின் எல்லாம் இருக்கட்டும், டென்ஷன் கிட்னிக்கு வர்ற ரொம்ப சுலபமான வழி அந்த மாத்திரை அட்டை. இப்யூபுரோஃபென், டைக்ளோஃபெனாக் மாதிரி மருந்துங்க கிட்னிக்குள்ள ரத்தம் வர்ற குழாயை திறந்து வச்சிருக்கற புரோஸ்டாகிளாண்டினை தடுத்துடும். ஏற்கெனவே டெல்மிசார்ட்டன் மாதிரி ஒண்ணு, தண்ணி பிரிய வைக்கற மாத்திரை ஒண்ணு போட்டுட்டிருக்கறவங்க இதையும் சேர்த்தா கிட்னி சட்டுனு படுத்துடலாம். டென்ஷன்ல மனுஷன் பண்றது எல்லாமே இந்த லிஸ்ட்தான், தூங்க மாட்டான், சிகரெட் கூடும், நடக்கறதை நிறுத்துவான், உப்பும் எண்ணெயுமா எதையாவது கொறிப்பான், மாத்திரையை மறப்பான், டெஸ்ட் தேதியை தள்ளிப் போடுவான். சுகர் இருக்கறவங்களுக்கு கார்ட்டிசால் வேற சுகரை ஏத்தி விடும். இதுல ஒவ்வொண்ணுக்கும் கிட்னி மேல தனியா கெடுதல் உண்டு, கூட்டிப் பார்த்தா "மன அழுத்தம்"னு ஒரே பேர்ல வந்து நிக்குது.

அவர் தூங்கினாரா தெரியல. டாக்டரைப் பார்க்கறேன்னு சொல்லியிருக்கார்.

2025 மார்ச் 13, வியாழன்

இன்னைக்கு உலக சிறுநீரக தினம். மார்ச் ரெண்டாவது வியாழன், 2006லேர்ந்து நடக்குது. காலையிலேர்ந்து போன்ல ஒரே மெசேஜ், பூப்படம் போட்டு "சிரியுங்கள், சிறுநீரகம் காப்போம்"னு ஒண்ணு. எரிச்சலா வந்துச்சு.

கிட்னி வியாதி இருக்கறவங்கள்ல சுமாரா அஞ்சுல ஒருத்தருக்கு டாக்டர் பார்த்து சொல்ற அளவுக்கு டிப்ரஷன் இருக்கு, அதுக்கு பதில் பூப்படமா? இன்னொரு கஷ்டம் என்னன்னா கண்டுபிடிக்கறதே. களைப்பு, தூக்கமில்ல, பசியில்ல, கவனம் நிக்கல, இதெல்லாம் டிப்ரஷன் கேள்வித்தாள்லயும் வருது, கிட்னி மோசமானாலும் வருது. ரத்த செல் உருவாக வைக்கற எரித்ரோபாய்டின்ங்கற ஹார்மோனை கிட்னி சரியா சுரக்காம ரத்தசோகை வந்தாலே ஆளு துவண்டுடுவான். அதனால ஹீமோகுளோபின் பார்க்காம மனசுதான்னு முடிவு கட்டறதும் தப்பு, கிட்னி இருந்தா அப்படித்தான் இருக்கும்னு மனசை விட்டுடறதும் தப்பு. எந்த விஷயத்துலயும் ஆசை போயிடுச்சா, இருந்தென்ன பிரயோஜனம்னு தோணுதான்னு யாராவது நேரா கேட்கணும்.

மருந்தும் அவ்வளவு நேர் ரோடு இல்ல. 2017ல ஒரு ட்ரையல் வந்துச்சு, டயாலிசிஸ் வராத கிட்னி நோயாளிங்க 201 பேர், செர்ட்ராலின்ங்கற டிப்ரஷன் மாத்திரை ஒரு பக்கம் டம்மி மாத்திரை ஒரு பக்கம், 12 வாரம். ரெண்டு பக்கமும் கொஞ்சம் தேறினாங்க, ரெண்டுக்கும் வித்தியாசம் இல்ல, செர்ட்ராலின் பக்கம் குமட்டலும் பேதியும் ஜாஸ்தி. 2019ல டயாலிசிஸ்ல இருக்கறவங்ககிட்ட இன்னொண்ணு, அதே செர்ட்ராலினையும் சிபிடிங்கற பேச்சு சிகிச்சையையும் வச்சுப் பார்த்தாங்க, சிகிச்சையை டயாலிசிஸ் நாற்காலில இருக்கும்போதே குடுத்தாங்க, மருந்து கொஞ்சம் மேலன்னு வந்துச்சு, பக்க விளைவும் கூட. இதைப் படிச்சுட்டு ஏற்கெனவே போடற மாத்திரையை யாரும் நிறுத்திடாதீங்க ப்ளீஸ், எனக்கு ஒத்து வருதான்னு டாக்டர்கிட்ட கேட்கறதுக்குத்தான் இது.

2025 மார்ச் 19, புதன்

ஆபீஸ்ல லிஸ்ட் வந்துடுச்சு. என் பேர் இல்ல. இப்யூபுரோஃபென்காரர் பேர் இருக்கு. இன்னைக்கு எழுத ஒண்ணும் இல்ல.

2025 மார்ச் 27, வியாழன்

திரும்ப எடுத்த ரிப்போர்ட். கிரியாட்டினின் 2.05, ஈஜிஎஃப்ஆர் 40, முதல் யூரின்ல ஏசிஆர் 255. வீட்டு பிபி ஆவரேஜ் 133/83. அக்கா "பாத்தியா, வேலை பிழைச்சுதுன்னதும் கிட்னியும் பிழைச்சுடுச்சு"ன்னாங்க. "அக்கா, யூரின் எடுத்த நேரமே வேற, முதல் ரெண்டு நம்பரும் சும்மா ஆடறதுதான்"னு விளக்கினேன், "ஆமா நீ பெரிய டாக்டரு"ன்னு வச்சுட்டாங்க.

டாக்டர் நம்பரை விட பிபி நோட்டைத்தான் ரொம்ப நேரம் பார்த்தார். மேல் நம்பரை 120 பக்கம் கொண்டு வரணும்னு ஒரு மாத்திரை டோஸ் ஏத்தியிருக்கார், ரெண்டு வாரத்துல பொட்டாசியமும் கிரியாட்டினினும் பார்க்கணும், டோஸ் ஏத்தினா கிரியாட்டினின் லேசா ஏறும், அதைப் பார்த்து பதறி நிறுத்தக்கூடாதுன்னு முன்னாடியே சொல்லிட்டார். தூக்கம் பத்தி கேட்டார், குறட்டை இருக்கான்னு வீட்ல விசாரிச்சுட்டு வரச் சொன்னார், தூக்கத்துல மூச்சு நின்னு நின்னு வந்தாலும் ராத்திரி பூரா அந்த சிம்பதெடிக் நரம்பு முழிச்சுட்டிருக்குமாம். மூச்சுப் பயிற்சி பண்ணவான்னு கேட்டேன், பண்ணுங்க, பிபி கொஞ்சம் இறங்கலாம், ஆனா மாத்திரைக்கு பதிலா இல்லன்னார்.

வீட்ல கேட்டாச்சு. குறட்டை இருக்காம், பயங்கரமா. ஸ்லீப் டெஸ்ட்டுக்கு பேர் குடுத்திருக்கேன்.