கரித்துண்டு சொன்ன கணக்கு

எங்கள் வண்டியின் சக்கரங்களுக்கு மேலே இரும்புச் சுருள்வில் கிடையாது; ரப்பர் பைகளில் அடைத்த காற்றுதான் 2 டன்னுக்கு மேலான எடையைத் தாங்கி நிற்கிறது. 12 வயதான அந்தச் சொகுசு வண்டியை ஒரு புதிய சிறிய காரின் விலைக்கு முடித்துக் கொடுத்த தரகர், மேகத்தில் போவதைப் போல இருக்கும் என்றார். மேகம் என்றால் ஒரு நாள் கீழே இறங்கத்தான் செய்யும் என்பதை அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

இறங்கியதை முதலில் கண்டுபிடித்தது என் மனைவி. திருஷ்டிக்காக ஒரு எலுமிச்சம்பழம், 5 பச்சை மிளகாய், அடியில் ஒரு கரித்துண்டு என்று கோத்து, முன் பம்பரின் இடது ஓரத்தில் அவர் கட்டியிருந்தார். இரவு வண்டியை நிறுத்தும்போது அந்தக் கரித்துண்டு தரையிலிருந்து 4 விரற்கடை உயரத்தில் ஆடிக்கொண்டிருக்கும். விடியற்காலையில் கோலம் போட வரும்போதோ அது மிளகாயையும் துணைக்கு அழைத்துக்கொண்டு தரையில் படுத்திருக்கும். "உங்கள் வண்டி இன்றைக்கும் கும்பிட்டுக்கொண்டிருக்கிறது" என்று வாசலிலிருந்து வரும் குரலில்தான் எனக்குப் பொழுது விடிந்தது.

வண்டியை முடுக்கினால், எங்கோ உள்ளேயிருந்து கல் தேய்ந்த மாவரைக்கும் இயந்திரத்தின் முனகல் 3 நிமிடம் கேட்கும். கார் மெல்ல எழும். அல்லது எழாமல், வண்டி மிகவும் தாழ்ந்திருக்கிறது, நிறுத்துக என்று சிவப்பு எழுத்தில் ஆணையிடும். முனகுவது, காற்றை அழுத்திப் பைகளுக்கு அனுப்பும் கம்ப்ரஸர்; ஆகவே குற்றவாளியும் கம்ப்ரஸரே என்று அந்தக் கணமே தீர்ப்பெழுதிவிட்டேன். பணிமனையில் ஒரு லட்சத்துக்கு மேல் கேட்டார்கள். பழைய வண்டிகளின் பாகங்களை விற்கும் சென்னைப் புதுப்பேட்டையில் தேடினால் கிடைக்காத உதிரிபாகம் இல்லைதான். ஆனாலும் இன்னொரு வண்டியில் ஓடிக் களைத்த கம்ப்ரஸரைக் காசு கொடுத்து வாங்கி என் வண்டியிலும் களைக்கவிடுவானேன் என்று, புதியதாகவே 38,000 ரூபாய்க்கு வரவழைத்து, வீட்டிலேயே மாற்றுவதென்று முடிவு செய்தேன்.

எதிர்வீட்டுப் பெரியவர் அரசு விரைவுப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். காற்றழுத்தம் ஏறாவிட்டால் பிரேக்கே விடாத பேருந்துகளில், அதிகாலையில் கேஜ் முள் எழும்வரை ஸ்டியரிங்கின் முன் காத்திருந்தே வாழ்க்கையின் ஒரு பகுதியைக் கழித்தவர். நான் பெட்டியைப் பிரிப்பதைப் பார்த்துவிட்டு வந்தார்.

"நிக்கிற வண்டிதானே தம்பி இறங்குது? ராத்திரி பூரா இந்த மெஷின் தூங்கிக்கிட்டுத்தானே இருக்கு? தூங்கறவன் மேல போயி திருட்டுப் பட்டம் கட்டறீங்களே!"

பிஸ்டன் வளையத் தேய்மானம் குறித்து அவருக்கு நான் ஒரு சிற்றுரை ஆற்றினேன். அவர் "சரி தம்பி" என்றார். திருவிழாக் கூட்டத்தில், அடுத்த பேருந்து காலியாக வரும் என்று சொல்லும் நடத்துநரிடம் பயணிகள் சொல்லும் "சரி" அது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வேலை தொடங்கியது. இத்தகைய வண்டியை ஜாக்கி வைத்துத் தூக்குவதற்கு முன், உயரத்தைத் தானாகச் சரிசெய்துகொள்ளும் அமைப்பை முடக்கிவிட வேண்டும்; இல்லையென்றால் நாம் ஒரு பக்கம் தூக்க, அது தன் பங்குக்குக் காற்றை இறக்கிக் கணக்கை நேர் செய்யப் பார்க்கும். முடக்கினேன், ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டுகளும் வைத்தேன். அன்று நான் செய்தவற்றில் இன்றுவரை யாரும் குறை சொல்லாத காரியம் அது ஒன்றுதான்.

முன்சக்கரத்தைக் கழற்றி, உள்ளிருக்கும் பிளாஸ்டிக் மறைப்பை எடுக்க ஒன்றரை மணி நேரமும் 4 கிளிப்புகளின் உயிரும் போயின. கம்ப்ரஸர் 3 போல்ட்டுகளில் தொங்கிக்கொண்டிருந்தது. தருக்க நூல்காரர் பாணியில் சொன்னால், முதல் போல்ட்டைக் கண்ணால் பார்த்துக் காண்டல் அளவையாலும், இரண்டாவதை விரலால் தடவிக் கருதல் அளவையாலும் அறிந்தேன். மூன்றாவது அங்கே இருக்கிறது என்பதற்கு, இணையக் காணொளியில் ஒருவர் சொன்ன உரை அளவையைத் தவிர வேறு சான்று இல்லை. அந்த மூன்றாவதன் மேல் ஸ்பானர் உட்கார்ந்தபோது மதியம் 2 மணி. சாப்பிடக் கூப்பிட வந்த மகள், மறைப்பிற்குள் தோள்வரை கையை விட்டுக் கண்ணை மூடியிருந்த என்னைப் பார்த்துவிட்டு, அப்பா மாட்டுக்குப் பிரசவம் பார்க்கிறார் என்று உள்ளே போய்ச் சொன்னாள்.

பழையதைத் திறந்து பார்க்காமல் எறிய மனம் வரவில்லை. சிறிய மின்மோட்டார், கட்டை விரலைவிடச் சற்றே பெரிய ஒற்றை பிஸ்டன்; டயருக்கு நாம் அடிப்பதைப்போல 5 மடங்குக்கும் மேலான அழுத்தத்தை இந்தச் சுண்டெலி உண்டாக்குகிறது என்பது வியப்பாகவே இருந்தது. பிஸ்டன் வளையம் தேய்ந்து கருத்திருந்தது. அதை ஒட்டிய குழாயில் சிலிக்கா ஜெல் மணிகள். புதுச் செருப்புப் பெட்டிக்குள் சின்னப் பொட்டலமாக வருமே, அதே சரக்கு. காற்றை அழுத்தும்போது அதிலுள்ள ஈரம் நீராகத் திரளும் என்பதால், அதைப் பைகளுக்குப் போகவிடாமல் இந்த மணிகள் உறிஞ்சிக்கொள்கின்றன. வண்டி தாழும்போது வெளியேறும் காற்று இதே மணிகளின் வழியாகத் திரும்பி வந்து, அவற்றை உலர்த்திவிட்டுப் போக வேண்டும் என்பது ஏற்பாடு. என் வண்டியில் அந்த மணிகள் கூழாகியிருந்தன. சென்னைக் காற்றில் ஈரத்துக்கா பஞ்சம் என்று அதையும் ஒரு வரியில் தீர்த்துவிட்டேன். உள்ளே போன காற்று மணிகளின் வழியே ஏன் திரும்பவில்லை, வேறு எந்த வழியாகப் போயிற்று என்று அங்கேயே யோசித்திருந்தால் இந்தப் பதிவுக்கே வேலையில்லை.

புதிய கம்ப்ரஸரோடு, அதற்கு மின்சாரத்தை விடுவதும் நிறுத்துவதுமான சுவிட்ச், சிறிய ரிலே ஒன்றும் வந்திருந்தது. பழைய ரிலே நன்றாகத்தானே இருக்கிறது என்று விட்டுவிட இருந்தேன். அதன் முனைகள் கருகி ஒட்டிக்கொண்டால் கம்ப்ரஸர் நிற்காமலே ஓடிப் புதியதும் எரிந்துவிடும் என்று படித்தது நினைவுக்கு வர, அதையும் மாற்றினேன். மாலை 6 மணிக்கு வண்டியை முடுக்கியபோது முனகல் இல்லை. ஒரு மெல்லிய ரீங்காரம் மட்டுமே. ஒட்டகம் எழுவதைப் போல முதலில் பின்பக்கமும் பிறகு முன்பக்கமும் உயர்ந்து, வண்டி நிமிர்ந்து நின்றது. கரித்துண்டு 4 விரற்கடை மேலே ஆடியது. மனைவி கற்பூரம் காட்டினார். நான் எதிர்வீட்டுத் திண்ணையைப் பார்த்தும் பார்க்காததுபோல மீசையைத் தடவிக்கொண்டேன்.

மறுநாள் காலை வாசலிலிருந்து குரல் வரவில்லை. அந்த மௌனமே என்னை எழுப்பியது. போய்ப் பார்த்தால், கோலம் பாதியில் நிற்க, மனைவி குனிந்து கரித்துண்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அது சுகமாகத் தரையில் சாய்ந்திருந்தது.

பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை. பாத்திரம் தேய்க்கும் சோப்பைக் கரைத்த ஒரு குவளையும் பழைய பெயின்ட் பிரஷ்ஷும் எடுத்து வந்தார். வண்டியை முடுக்கி உயர்த்தச் சொல்லி, அணைத்தபின் சக்கரத்தை ஒரு பக்கமாகத் திருப்பி, இடது முன் காற்றுப் பையின் மேல் மடிப்பில் சோப்பு நீரைத் தடவினார். அரை நிமிடம் எதுவும் இல்லை. பிறகு ரப்பர் மடிப்பில், நகக்கீறல் அளவு வெடிப்பில், கடுகளவு குமிழி ஒன்று எழுந்து, மிளகளவாகி, சுண்டைக்காய் அளவாகி உடைந்தது. அடுத்ததும் எழுந்தது. மகள் எண்ணத் தொடங்கினாள். இரவெல்லாம் இந்த வழியே போன காற்றை ஈடு செய்ய, ஒவ்வொரு காலையும் மூச்சிரைக்க உழைத்துத்தான் அந்தப் பழைய கம்ப்ரஸர் தேய்ந்து செத்திருக்கிறது. மணிகள் உலராததும் அதனால்தான்.

"திருடன் இவன்தான் தம்பி" என்றார் பெரியவர். "நீங்க காவக்காரனை மாத்திட்டீங்க."

காற்றுப் பைக்குச் சொல்லியிருக்கிறேன். வியாழக்கிழமை வரும் என்கிறார்கள். அதுவரை புதிய கம்ப்ரஸரும் வீணாகத் தேயக் கூடாதே என்று வண்டியை எடுக்காமல் நிறுத்தி வைத்திருக்கிறேன். தெருவில் போகிற வருகிறவர்கள் கேட்கிறார்களென்று, மனைவி நேற்று திருஷ்டிக் கயிற்றை 4 விரற்கடை குட்டையாக்கிக் கட்டிவிட்டார். கரித்துண்டு இப்போது தரையைத் தொடுவதில்லை.