ஆடிக்கு முன் சிடி போட்டாக வேண்டும்

ஜூன் 22, 2024, சனி

செய்யாறு பக்கத்துக் கூத்து வாத்தியாரின் பழைய கேசட்டுகள் எல்லாம் ஒருவழியாகக் கம்ப்யூட்டருக்கு வந்துவிட்டன. இனி சிடியாக்க வேண்டும். பென் டிரைவில் போட்டுக் கொடுத்தால் என்ன என்று வீட்டில் கேட்டார்கள். வாத்தியார் வீட்டு டிவிடி பிளேயரில் யுஎஸ்பி ஓட்டையே கிடையாது. “சிடியா போட்டுக் குடுப்பா, ஆடி பொறக்கறதுக்குள்ள நம்ம பசங்க கேட்டுப் பாடம் பண்ணிக்கட்டும்” என்றார். ஆடி பிறந்துவிட்டால் ஜமாவுக்கு, அதாவது கூத்துக் குழுவுக்கு, மூச்சுவிட நேரம் இருக்காது.

விடிய விடிய நடக்கும் கூத்து, ஓர் இரவுக்கு எட்டு மணி நேரம். ஆடியோ சிடியாகப் போட்டால் 80 நிமிடம்தான் கொள்ளும். ஒரு கூத்துக்கே ஆறு சிடி ஆகிவிடும். 128 கேபிபிஎஸ் எம்பி3 என்றால் நிமிடத்துக்கு ஏறக்குறைய ஒரு எம்பி. எட்டு மணி நேரமும் 480 எம்பிக்குள் முடிந்துவிடும். 700 எம்பி சிடி ஒன்றே போதும். அந்த பிளேயர் எம்பி3 படிக்கும் என்று போய்ப் பார்த்துவிட்டுத்தான் வந்தேன்.

ரைட் பண்ண உட்கார்ந்தால் எடுத்த எடுப்பிலேயே ‘பவர் கேலிபரேஷன் எரர்’. யுஎஸ்பியில் மாட்டுகிற மெல்லிய டிரைவ் இது. இந்த எரர் வந்தால் பலரும் சிடி மட்டம் என்று தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். நடப்பது இதுதான்: பாட்டை எழுதத் தொடங்கும் முன் டிரைவ், சிடியின் உள்விளிம்பில் அதற்கென்றே ஒதுக்கிய இடத்தில் லேசரை வெவ்வேறு சக்தியில் அடித்துப் பார்க்கிறது. அந்தச் சிடியில் டேட்டா பதியும் சாயப் பூச்சுக்கு எவ்வளவு சூடு சரிவரும் என்று பார்த்து முடிவு செய்துகொள்கிறது. அந்தச் சோதனை தேறவில்லை என்பதுதான் எரர். சிடி மட்டமாக இருந்தாலும் வரும், லென்ஸில் தூசி இருந்தாலும் வரும், டிரைவுக்குக் கரண்ட் போதாவிட்டாலும் வரும்.

மூன்றில் கரண்டைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அதற்குக் காசு செலவில்லை. கேபினட்டின் முன்பக்கப் போர்ட்டிலிருந்து கழற்றிப் பின்பக்கம், மதர்போர்டிலேயே இருக்கும் யுஎஸ்பி 3 போர்ட்டில் மாட்டினேன். யுஎஸ்பி 2 போர்ட் 500 மில்லிஆம்பியர் வரை கொடுக்கும், யுஎஸ்பி 3 போர்ட் 900 வரை. எழுதும்போது மோட்டாரும் லேசரும் சேர்ந்து இழுக்கிற இழுப்புக்கு அந்த 500 பல நேரம் பற்றாது. நடுவில் ஹப்போ நீளமான எக்ஸ்டென்ஷன் வயரோ இருந்தால் இன்னும் மோசம். போர்ட்டை மாற்றியதும் அதே சிடிக் கட்டிலிருந்து எடுத்த இன்னொரு சிடி ஒழுங்காக எழுதியது.

ஜூன் 23, ஞாயிறு

வீணாய்ப்போன சிடிகளைக் குப்பையில் போடாமல் எடுத்து வைத்திருக்கிறேன். டியூப்லைட்டுக்கு அடியில் சாய்த்துப் பிடித்தால் எல்லாம் தெரிந்துவிடும். எழுதிய பகுதி கொஞ்சம் கருத்திருக்கும், எழுதாத பகுதி பளபளவென்று இருக்கும், இரண்டுக்கும் நடுவில் ஒரு கோடு வட்டமாக ஓடும். சிடி உள்ளேயிருந்து வெளியே எழுதப்படுவதால் அந்தக் கோடு நிற்கும் இடத்தை வைத்தே பாதி வியாதியைச் சொல்லிவிடலாம். நடுத்துளையை ஒட்டியே நின்றால் கரண்ட், லென்ஸ் அல்லது டிரைவுக்கு ஒவ்வாத சிடி. பாதி வழியில் நின்றால் கம்ப்யூட்டர் டேட்டா கொடுத்த விதத்தைச் சந்தேகிக்க வேண்டும். கடைசிவரை வந்துவிட்டு ஓரத்தில் சொதப்பினால் வேகத்தையும் சிடியின் தரத்தையும் பார்க்க வேண்டும். நூற்றுக்கு நூறு சரி என்று சொல்ல மாட்டேன். ஆனால் எங்கே தேடத் தொடங்குவது என்று தெரியாமல் சிடி மேல் சிடியாக வீணாக்குவதை இது நிறுத்தும்.

ஜமாவில் மத்தளம் அடிக்கும் அண்ணன் தன் வீட்டு லேப்டாப்பில் போட்ட சிடி பாதியில் நின்றுவிட்டது என்று கொண்டுவந்தார். கோடு நடுவில் இருந்தது. “எதுலேர்ந்து ரைட் பண்ணீங்கண்ணே?” பென் டிரைவிலிருந்து நேராகவாம், கூடவே ஆன்டிவைரஸ் ஸ்கேனும் ஓடிக்கொண்டிருந்ததாம். அந்தக் காலத்தில் டேட்டா ஒரு நொடி தடைப்பட்டாலே சிடி பாழ். 2000-ல் சான்யோ ‘பர்ன் ப்ரூஃப்’ கொண்டுவந்த பிறகு, டேட்டா வரத்து நின்றால் டிரைவும் நின்று, வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடரும். அதற்காக, அவ்வப்போது தொடர்பே அறுந்துபோகும் பென் டிரைவைக் காப்பாற்ற அதனால் முடியாது. ஃபைல்களை முதலில் ஹார்ட் டிஸ்கில் காப்பி செய்து, அங்கிருந்து எழுதச் சொன்னேன். மாலையே போன் செய்தார், முழுசாக எழுதிவிட்டது.

ஜூன் 26, புதன்

அதே அண்ணன், அடுத்த புகார். சிடி அவர் லேப்டாப்பில் பாடுகிறது, வாத்தியார் வீட்டு பிளேயரில் ‘நோ டிஸ்க்’ என்கிறது.

விண்டோஸில் வெறும் சிடியைப் போட்டதும் ஒரு கேள்வி வரும்: பென் டிரைவ் போலப் பயன்படுத்தவா, சிடி பிளேயரில் போடவா என்று. முன்னால் டிக் ஆகி நிற்பது முதலாவது. அதைத் தேர்ந்தால் யுடிஎஃப் என்ற முறையில் எழுதும். இன்னொரு கம்ப்யூட்டர் படிக்கும், பழைய பிளேயர்கள் பெரும்பாலும் படிக்காது. இரண்டாவதைத் தேர்ந்தால் எல்லாவற்றையும் மொத்தமாக எழுதி மூடிவிடும். பிளேயருக்கு வேண்டியது அதுதான். இந்த ஒரு கேள்வியால் எத்தனை வீட்டில் ‘பிளேயர் ரிப்பேர்’ என்று முடிவு கட்டியிருப்பார்களோ என்று நினைத்தால் எனக்கு நிஜமாகவே ஆற்றாமையாக இருக்கிறது. கல்யாண சிடிகளும் பிள்ளைகளின் ஆண்டுவிழா சிடிகளும் இப்படித்தான் அலமாரியில் கிடக்கின்றன.

ஜூன் 30, ஞாயிறு

இன்று முழுக்க வெரிஃபை. ரைட் முடிந்ததும் ‘சக்சஸ்’ என்று வருவதை நம்பக் கூடாது. எழுதி முடித்தேன் என்றுதான் அதற்குப் பொருள். படிக்க முடியும் என்று அது சொல்லவில்லை. இம்ஜ்பர்ன், சிடி எழுதும் இலவச சாப்ட்வேர். 2013-க்குப் பிறகு புது வெர்ஷன் வரவில்லை, இருந்தும் நான் அதைத்தான் பயன்படுத்துகிறேன். எழுதியதை அதுவே திரும்பப் படித்து ஒப்பிட்டுப் பார்க்கும்.

புதுக் கட்டிலிருந்து எடுத்த சிடிகளில் வெரிஃபை 90 சதவீதம் தாண்டியதும் திணறியது. ஒரு கூத்தோடு இன்னொன்றின் பகுதியையும் சேர்த்து 650 எம்பிக்கு மேல் நிரப்பிய சிடிகள் அவை, அதனால் எழுத்து வெளியோரம் வரை போயிருந்தது. ஓரத்தில்தான் சாயம் சீராகப் படியாத குறை அதிகம் காட்டும், தட்டு லேசாகக் கோணியிருந்தாலும் அங்கேதான் ஆட்டம் கூடும், டிரைவும் அங்கே போகும்போதுதான் உச்ச வேகத்தில் எழுதும். எழுதும் வேகத்தை 24 எக்ஸ்ஸிலிருந்து 16-க்கு இறக்கினேன். சில தேறின, சில தேறவில்லை. வேறு கம்பெனி சிடி வாங்கி அதே 16-ல் போட்டதும் எல்லாம் தேறின. அப்படியென்றால் குறை அந்தச் சிடிக் கட்டிலேயேதான். அதை அப்படியே ஒதுக்கிவிட்டேன்.

எவ்வளவு மெதுவாக எழுதுகிறோமோ அவ்வளவு நல்லது என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. இப்போது வரும் சிடிகளின் சாயமே வேக எழுத்துக்கென்று தயாரானது. மிகக் குறைந்த வேகத்தை டிரைவே ஏற்காது, ஏற்றாலும் பலன் கூடும் என்பதற்கு உறுதியில்லை. நடு வேகம் போதும்.

டெஸ்க்டாப்புக்குள் இருக்கும் பழைய டிரைவிலும் ஒவ்வொரு சிடியையும் ஓட்டிப் பார்த்தேன். எழுதிய டிரைவ் தன் கையெழுத்தைத் தானே படித்துவிடும். அடுத்தவர் படிக்க முடிகிறதா என்பதே கேள்வி.

ஜூலை 6, சனி

பெயர் வைப்பதில் ஒரு நாள் போயிற்று. கட்டியங்காரன் வருகை, கர்ணன் திரை வருகை, இரண்டாம் ஜாமச் சண்டை என்று தமிழிலேயே ஃபைல் பெயர் வைத்திருந்தேன். நீளமானவை பாதியில் வெட்டுப்பட்டன. சிடியில் ஆங்கிலம் அல்லாத பெயர்களைத் தாங்குவது ஜோலியட் என்ற முறை. அதன் அளவு 64 எழுத்து. ‘கூத்து’ நம் கண்ணுக்கு மூன்று எழுத்து. கம்ப்யூட்டரோ உயிர்மெய்க் குறிகளையும் புள்ளியையும் தனித்தனியாக எண்ணி ஆறு என்கிறது. அதனால் தமிழ்ப் பெயர்கள் சீக்கிரமே அளவைத் தாண்டிவிடுகின்றன.

வெட்டுப்படாதவையும் பிளேயர் திரையில் வெறும் கட்டங்களாகத்தான் வந்தன. வேறு வழியில்லாமல் ஃபைலுக்கு எண்ணும் சின்ன ஆங்கிலப் பெயரும் போட்டேன். 1, 2 என்று போட்டால் 1-க்கு அடுத்து 10 பாடும், ஆகவே 01, 02. தமிழில் முழு விவரம் அட்டைக்குள் வைக்கும் தாளில்.

ஜூலை 10, புதன்

சிடி மேல் பெயர் எழுதும் வேலை. பால்பாயின்ட் பேனா கூடவே கூடாது. சிடியில் டேட்டா இருப்பது பெயர் எழுதும் பக்கத்துக்கு நேர் கீழே, மெல்லிய அரக்குப் பூச்சுக்கு அடியில். அடிப்பக்கக் கீறலைவிட மேல்பக்கக் கீறல்தான் ஆபத்து. டிவிடியில் டேட்டா இரண்டு தகட்டுக்கு நடுவில் இருப்பதால் இந்தப் பயம் குறைவு. சிடிக்கென்று விற்கும் மார்க்கரால், முடிந்தவரை நடுத்துளையைச் சுற்றியுள்ள வளையத்தில் மட்டும் எழுதினேன். ஸ்டிக்கர் ஒட்டச் சொன்னார்கள், மறுத்துவிட்டேன். கொஞ்சம் விலகி ஒட்டினாலும் சுற்றும்போது ஆடும்.

சாயங்காலம் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாத்தியார் முதல் சிடியைப் போட்டு, தன் இருபது வயதுக் குரலில் கட்டியங்காரன் பேசுவதைக் கேட்டார். “தாளம் கொஞ்சம் ஓடுது பாரு” என்று பையன்களைப் பார்த்துச் சொல்லிவிட்டு, அதே இடத்தை மறுபடி போடச் சொன்னார்.

முகவீணை என்ற ஊதுகருவி வாசிப்பவரின் வேனில் இருப்பது எம்பி3 படிக்காத பழைய செட். அவருக்கு முகவீணை வரும் பகுதிகளை மட்டும் வெட்டி 80 நிமிடத்துக்குள் ஆடியோ சிடியாகப் போட வேண்டும். சனிக்கிழமை வண்டி ஏறுகிறார், நாளைக்கே வெட்டத் தொடங்குகிறேன்.