மங்கலான விண்மீன், கரையும் வளிமண்டலம்

சிம்ம விண்மீன் குழுவின் திசையில், சுமார் 32 ஒளியாண்டுத் தொலைவில், ஜி.ஜே. 436 என்னும் சிவப்புக் குள்ள விண்மீன் (சூரியனைவிடச் சிறியதும் குளிர்ந்ததுமான வகை) இருக்கிறது. வெறும் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மங்கலான அதனை, ஏறத்தாழ நெப்டியூன் பருமனுள்ள ஒரு கோள் 2.64 நாட்களுக்கு ஒருமுறை சுற்றிவருகிறது. அக்கோள் விண்மீனின் முன்னே கடக்கும்போது, கண்ணால் காணத்தக்க ஒளியில் ஒரு விழுக்காடுகூட மறைவதில்லை. ஆனால் ஹைட்ரஜன் அணுக்கள் உறிஞ்சும் 121.6 நானோமீட்டர் புற ஊதா அலைநீளத்தில் ஹபிள் தொலைநோக்கி கவனித்தபோது, 56 விழுக்காடு ஒளி மறைந்தது. அதுவும் கோள் குறுக்கே வருவதற்கு ஏறத்தாழ இரண்டு மணி நேரம் முன்பே மங்கத் தொடங்கி, கடந்து சென்ற பிறகும் வெகுநேரம் நீடித்தது. கோளைவிடப் பன்மடங்கு பெரிய ஹைட்ரஜன் மேகம் ஒன்று அதனைச் சூழ்ந்தும் பின்னால் வாலாக நீண்டும் செல்கிறது என்பதே 2015ஆம் ஆண்டு வெளியான விளக்கம்.

இந்த மேகம் கோளின் வளிமண்டலத்திலிருந்து தப்பிய வாயு. விண்மீனின் எக்ஸ் கதிர்களும் உயர் ஆற்றல் புற ஊதாக் கதிர்களும் வளிமண்டலத்தின் மெல்லிய மேலடுக்கிலேயே உறிஞ்சப்பட்டு, அணுக்களிலிருந்து எலக்ட்ரான்களைப் பிரித்துவிடுகின்றன. அந்த எலக்ட்ரான்களின் ஆற்றலால் வாயு பல்லாயிரம் பாகை சூடேறி, ஈர்ப்பை மீறி வெளியே பாய்கிறது. கோளின் கீழடுக்கு எவ்வளவு வெதுவெதுப்பாக இருக்கிறது என்பதற்கும் இதற்கும் நேரடித் தொடர்பு குறைவு. இந்தக் கோள் நொடிக்கு 100 முதல் 1,000 டன் வரை வாயுவை இழப்பதாக மதிப்பிடுகிறார்கள். கேட்பதற்குப் பெரிதாக இருந்தாலும், அதன் நிறையோடு ஒப்பிட்டால் இது அற்பம். விண்மீன் இளமையில் பன்மடங்கு எக்ஸ் கதிர்களை உமிழ்ந்த காலத்தில் இழந்ததே அதிகமாக இருந்திருக்கும். இதில் எனக்கு மிகவும் சுவையாகப்படுவது வேறொன்று: இந்த விண்மீனின் ஒளியழுத்தம், அதாவது ஒளி அணுக்களைத் தள்ளும் விசை, வலுவற்றது என்பதால்தான், தப்பிய ஹைட்ரஜன் உடனே அடித்துச் செல்லப்படாமல் நமக்குத் தெரியும்படி அங்கேயே தங்கியிருக்கிறது.

பெருங்கோள் தாங்கிக்கொள்வதைச் சிறிய பாறைக்கோள் தாங்காது. சிவப்புக் குள்ளர்களின் சீற்றம் மிக்க இளமைப் பருவமோ நம் சூரியனுடையதைவிட நெடியது. ஆகவே, "உயிர் வாழத் தக்க தொலைவில் கோள்" என்ற செய்தியைப் படிக்கும்போதெல்லாம், அந்த விண்மீனின் எக்ஸ் கதிர் வரலாற்றையும் சொல்லியிருக்கக் கூடாதா என்று எனக்குத் தோன்றும். சுமார் 40 ஒளியாண்டுத் தொலைவிலுள்ள டிராப்பிஸ்ட்-1 என்னும் சிவப்புக் குள்ள விண்மீனின் ஏழு கோள்களுள் மிக உட்புறமுள்ளதன் பகற்பக்க வெப்பநிலை ஏறத்தாழ 500 கெல்வின் என்று ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி 2023இல் அளந்தது. வெப்பத்தை இரவுப் பக்கத்துக்குக் கொண்டுசெல்லக் காற்றே இல்லாத பாறைக்கு எதிர்பார்க்கத்தக்க அளவு அது. மிதமான தொலைவிலுள்ள நான்காவது கோளுக்கு வளிமண்டலம் உண்டா என்பதை அறிவது இன்னும் கடினம். விண்மீனின் புள்ளிகளும் திடீர்ச் சீற்றங்களும் அதன் ஒளியையே மாற்றிவிடுவதால், கோளின் காற்று விட்டுச்செல்லும் சிறு தடயத்தை அவற்றிலிருந்து பிரித்தெடுக்க வேண்டியிருக்கிறது.